எமினெம் 'கர்ட்டன் கால்': கேளுங்கள், சொல்கிறோம்

அமெரிக்க ராப் பாடகர் எமினெமின் ஹிட்ஸ் தொகுப்புகள் இரண்டு. முதல் 'கர்ட்டன் கால்' 2005 டிசம்பர் 6 அன்று வந்தது. 'கர்ட்டன் கால் 2' வந்தது 2022 ஆகஸ்ட் 5 அன்று. இரண்டையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.

எமினெம் பாட்டு ஒன்றிரண்டுதான் கேட்டிருக்கிறேன். முழுதாகக் கேட்க ஆசை. ஆல்பம் ஆல்பமாகப் போகவா, ஹிட்ஸ் தொகுப்பே போதுமா?
– வாசகர், மதுரை

முதல் 'கர்ட்டன் கால்' தொகுப்பில் தொடங்குங்கள். தொடக்கத்துக்கு அதுவே நல்ல வாசல். 1999 முதல் 2004 வரை வந்த நான்கு ஆல்பங்களின் முக்கியப் பாட்டுகள் அதில் இருக்கின்றன: 'தி ஸ்லிம் ஷேடி எல்.பி.' (1999), 'தி மார்ஷல் மேதர்ஸ் எல்.பி.' (2000), 'தி எமினெம் ஷோ' (2002), 'என்கோர்' (2004). முன்னுரைத் துணுக்கையும் சேர்த்து 17 தடங்கள், ஏறத்தாழ 77 நிமிடம். ஒரு சி.டி. கொள்ளும் அளவே 80 நிமிடம்தான் என்பதால், தட்டு நிரம்ப நிரம்பக் கொடுத்திருக்கிறார்கள்.

இதை வாங்க வலுவான காரணம் இன்னொன்றும் உண்டு. அவருடைய ஆகப் பெரிய பாட்டான 'லூஸ் யுவர்செல்ஃப்' அவருடைய எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் கிடையாது. 2002இல் அவர் நடித்த '8 மைல்' படத்துக்காக எழுதியது அது. படத்தின் இசைத்தொகுப்பில்தான் வந்தது. சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் வாங்கிய முதல் ஹிப்ஹாப் பாட்டு. அமெரிக்கப் பட்டியலில் 12 வாரம் முதலிடத்தில் இருந்தது. எமினெம் பெயரில் வந்த ஒரு தட்டிலேயே அந்தப் பாட்டும் வேண்டுமென்றால் 'கர்ட்டன் கால்' தொகுப்பைத்தான் எடுக்க வேண்டும்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். தொகுப்பில் எந்தப் பாட்டு உங்களைப் பிடித்து இழுக்கிறதோ, அது பிறந்த ஆல்பத்துக்குப் போங்கள். 'ஸ்டான்' பிடித்தால் 2000ஆம் வருட ஆல்பம். 'சிங் ஃபார் த மொமென்ட்' பிடித்தால் 2002ஆம் வருட ஆல்பம்.

தொகுப்பை வரிசையாகக் கேட்டேன். மனநிலை தாவித் தாவிப் போகிறது. ஒரு பாட்டில் கோமாளி, அடுத்ததில் அழுகிற தகப்பன். ஏன் இப்படி?
– வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. பாட்டுகளைக் கால வரிசையில் அடுக்கவில்லை. வேகமும் சுவையும் மாறி மாறி வரும்படி, ஒரு கச்சேரிக்கு அடுக்குவது போல அடுக்கியிருக்கிறார்கள். 2005இல் எழுதிய 'ஃபேக்' இரண்டாம் தடம். 1999இல் அவரை உலகுக்குக் காட்டிய 'மை நேம் இஸ்' நான்காம் தடம். முதன்முறை கேட்பவருக்கு இது குழப்பம்தான்.

வருட வரிசைப்படி கேட்க, உங்கள் கருவியில் தட எண்களை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள்: 4, 13, 11, 3, 5, 17, 9, 14, 8, 6, 15, 10, 12, 2, 7, 16. முதல் தடம் முன்னுரைத் துணுக்கு, அதை விட்டுவிடலாம்.

4, 13 ஆகியவை 1999ஆம் வருடத்தவை. 'மை நேம் இஸ்', 'கில்டி கான்ஷியன்ஸ்' இரண்டிலும் 'ஸ்லிம் ஷேடி' என்ற விஷமப் பாத்திரம்தான் பேசுகிறது. 11, 3, 5 மூன்றும் 2000. புகழ் வந்து கழுத்தைப் பிடித்த வருடம் அது. 'மை நேம் இஸ்' பாட்டை மிஞ்சும் ஒரு ஹிட் வேண்டும் என்று இசைத்தட்டு நிறுவனம் நெருக்கியபோது, அந்த எரிச்சலிலேயே எழுதியது 'த வே ஐ ஆம்'. நிறுவனம் கேட்ட ஹிட்டாக வந்து விழுந்தது 'த ரியல் ஸ்லிம் ஷேடி'. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே கோபத்தின் இரண்டு முகம் தெரியும். 17 என்பது 2001 மேடைப் பதிவு. 9, 14, 8, 6 நான்கும் 2002ஆம் வருட அறுவடை. அவருடைய கை மிகவும் தேர்ந்திருந்த காலம் இதுதான் என்பது எங்கள் கருத்து. 15, 10, 12 மூன்றும் 'என்கோர்' ஆல்பத்தவை; அவற்றில் களைப்பு எட்டிப் பார்க்கும். வரிசையின் கடைசியில் உள்ள 2, 7, 16 மூன்றும் தொகுப்புக்கென்றே 2005இல் சேர்த்தவை.

தலைப்பையும் கவனியுங்கள். முதலில் 'ஷோ', அடுத்து 'என்கோர்', பிறகு 'கர்ட்டன் கால்'. ஆட்டம், ரசிகர் மறுபடி கேட்க ஆடிய ஆட்டம், திரை விழுமுன் கும்பிட்டு விடைபெறுவது. அட்டைப் படத்திலும் பூங்கொத்துகள் கிடக்கும் மேடையில் குனிந்து வணங்குகிறார். 2005 ஆகஸ்டில் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தை ரத்து செய்துவிட்டு, தூக்க மாத்திரைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுக்கப் போயிருந்தார். ஆகவே ஓய்வு பெறப் போகிறார் என்றே பலர் நம்பினார்கள். அடுத்த ஆல்பம் 'ரிலாப்ஸ்' வர 2009 மே ஆகிவிட்டது. தொகுப்பு வந்தபோது அவருடைய உடல்நிலை இது என்று தெரிந்துகொண்டு 'வென் ஐம் கான்' கேளுங்கள். ஊர் ஊராகப் போகும் தகப்பன், போகாதே என்று தடுக்கும் மகள், தன் மேடை உருவத்தையே சுடும் கனவு. கடைசியில் கேட்க வேண்டிய பாட்டு அதுதான்.

தொகுப்பில் இல்லாத நல்ல பாட்டுகள் எவை?
– வாசகர், திருச்சி

'டில் ஐ கொலாப்ஸ்' இல்லாததுதான் பெரிய குறை. 2002 ஆல்பத்தில் உள்ள பாட்டு. தனிப்பாட்டாக வெளியிடாமலே கோடிக்கணக்கானோர் கேட்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் இன்றும் ஒலிக்கிறது. இரண்டு தொகுப்பிலும் இல்லை. 'சூப்பர்மேன்' பாட்டுக்கும் அதே நிலை. ராப் பாடகரும் தயாரிப்பாளருமான டாக்டர் ட்ரேயின் ஆல்பத்தில் எமினெம் பாடிய 'ஃபர்காட் அபவுட் ட்ரே' (1999) முதல் தொகுப்பில் சேரவில்லை. 1996இல் டெட்ராய்ட்டில் சொந்த முயற்சியாக வெளியிட்ட 'இன்ஃபினிட்' ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டும் கிடையாது.

முதல் தொகுப்பின் டீலக்ஸ் பதிப்பில் 'ஸ்டான்ஸ் மிக்ஸ்டேப்' என்று இரண்டாவது தட்டு ஒன்று உண்டு, ஏழு பாட்டு. அதில் ராப் பாடகர் ஜே-ஸீயோடு பாடிய 'ரெனகேட்' இருக்கிறது. 'ரோல் மாடல்', 'கில் யூ', 'கிரிமினல்' ஆகியவையும் உண்டு. விலை வித்தியாசம் சிறிதென்றால் டீலக்ஸையே எடுங்கள். 'ரெனகேட்' ஒன்றுக்காகவே எடுக்கலாம்.

இவருடைய எதுகை மோனையை எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கு வேகம் மட்டும்தான் காதில் விழுகிறது. எப்படிக் கேட்பது?
– வாசகர், திருநெல்வேலி

நம் காது அடியின் தொடக்கத்தில் எதுகையைத் தேடிப் பழகிய காது. ஆங்கிலப் பாட்டு வழக்கமாக அடியின் முடிவில் ஒலி ஒத்துவரப் பாடும். நாம் இயைபு என்கிறோமே, அது. எமினெம் இரண்டோடும் நிற்பதில்லை. அடிக்குள்ளேயே இரண்டு, மூன்று, நான்கு அசைகளைச் சேர்த்து ஒத்திசைக்க வைப்பார். மெய்யெழுத்து மாறினாலும் உயிரொலி மாறாது. 'லூஸ் யுவர்செல்ஃப்' தொடக்கத்தில் 'ஸ்வெட்டி', 'ஹெவி', 'ஸ்வெட்டர் ஆல்ரெடி', 'ஸ்பகெட்டி' என்று ஒரே உயிரொலிச் சங்கிலி ஓடும். எழுத்தில் பார்த்தால் ஒற்றுமை குறைவு, காதில் கேட்டால் முழு ஒற்றுமை.

'ஆரஞ்ச்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒத்த ஒலியே கிடையாது என்பது பழைய பேச்சு. 2010இல் '60 மினிட்ஸ்' தொலைக்காட்சிப் பேட்டியில் அதை மறுத்து 'டோர் ஹிஞ்ச்', 'ஃபோர் இன்ச்', 'ஸ்டோரேஜ்', 'பாரிட்ஜ்' என்று அடுக்கினார். சொல்லை அசைகளாக உடைத்து, உச்சரிப்பைக் கொஞ்சம் வளைத்தால் ஒத்திசைவு பிறக்கும் என்பதுதான் சூட்சுமம்.

கேட்கும் முறை இது. முதலில் சொற்களை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் எண்ணுங்கள். ஒரு 'பார்' என்பது நான்கு எண்ணிக்கை. இரண்டாவதிலும் நான்காவதிலும் மத்தளம் போல 'ஸ்னேர்' அடி விழும். அங்கே கை தட்டுங்கள். ராப் பாட்டில் ஒரு சரணம் பெரும்பாலும் 16 பார். நிமிடத்துக்கு 90 அடி என்ற வேகத்தில் 16 பார் ஓட சுமார் 43 விநாடி. இந்த அளவு கைக்குப் பழகியதும் சரணம் எங்கே முடியும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இரண்டாம் முறை, பாடல்வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒத்த உயிரொலிகளை ஒரே நிறப் பேனாவால் கோடிடுங்கள். பாட்டின் வேகத்தை 0.75 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே போனால் குரல் இழுபட்டு, அசைகளின் எல்லை மங்கிவிடும், பயிற்சி வீணாகும். தொடங்க ஏற்றது 'த வே ஐ ஆம்'. இரண்டு லேசான அசை, ஒரு அழுத்தமான அசை: 'தக தீம், தக தீம்' என்று பாட்டு முழுக்கப் பேஸ் (கனத்த அடித்தொனி) இசையோடு ஒட்டியே போகும். இவ்வளவு ஒழுங்கான நடையை அவருடைய மற்றப் பாட்டுகளில் காண்பது அரிது.

'ராப் காட்' பாட்டை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். 6 நிமிடம் 4 விநாடியில் 1,560 சொற்கள். கின்னஸ் ஏட்டில் ஏறிய கணக்கு. இரண்டாம் தொகுப்பில் இருக்கிறது. ஒரு மாதம் கழித்துப் போங்கள்.

'ஸ்டான்' ஏன் இரண்டு முறை வருகிறது?
– வாசகி, காரைக்குடி

ஐந்தாம் தடம் ஸ்டுடியோப் பதிவு. பதினேழாம் தடம் 2001 பிப்ரவரி 21 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்த கிராமி விழா மேடைப் பதிவு. பெண்குரலில் டைடோ பாடிய பல்லவியை அங்கே எல்டன் ஜான் பாடுகிறார். எமினெமின் வரிகளில் தன்பாலின ஈர்ப்புடையோரை இழிவுபடுத்தும் சொற்கள் இருப்பதாக அந்த நாட்களில் கடுமையான எதிர்ப்பு. விழா அரங்குக்கு வெளியேயும் ஆர்ப்பாட்டம். தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்த எல்டன் ஜான் அதே மேடையில் அவரோடு பாடி, பாட்டு முடிந்ததும் கட்டிப்பிடித்தார். ஆகவே அது வெறும் மறுபதிவு இல்லை, ஒரு சரித்திர ஆவணம்.

பாட்டாகக் கேட்க ஸ்டுடியோப் பதிவே மேல். 'ஸ்டான்' கடித வடிவில் எழுதிய கதை. முதல் மூன்று சரணம் ஒரு ரசிகன் பேசுவது, நான்காம் சரணம் பாடகர் எழுதும் பதில். முதல் சரணத்தில் மரியாதை, இரண்டில் ஏக்கம், மூன்றில் வெறி. எழுதுகோல் தாளில் உரசும் சத்தம், மழை, இடி எல்லாம் பின்னணியில் இருக்கும். மூன்றாம் சரணத்தில் எழுதுகோல் சத்தம் போய்விடும். அவன் காரோட்டிக்கொண்டே ஒலிநாடாவில் பேசுகிறான். அந்த மாற்றத்தைக் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால்தான் பிடிக்க முடியும். பதில் கடிதம் நிதானமாகத் தொடங்கி, தான் எழுதிக்கொண்டிருப்பது யாருக்கு என்று பாடகருக்குப் புரிகிற இடத்தில் அறுந்து நிற்கும். வெறிபிடித்த ரசிகரைக் குறிக்க 'ஸ்டான்' என்ற சொல்லே ஆங்கிலத்தில் நிலைத்து, 2019இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியிலும் ஏறிவிட்டது.

பல பாட்டுகளில் பழைய பாட்டின் துண்டு கேட்கிறதே, அனுமதி வாங்கித்தான் போடுகிறார்களா?
– வாசகர், வேலூர்

வாங்கியாக வேண்டும், அதுவும் இரண்டு அனுமதி. ஒலிப்பதிவின் உரிமை பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்திடம் இருக்கும். மெட்டு, வரி ஆகியவற்றின் உரிமை எழுதியவரிடமோ அவருடைய பதிப்பாளரிடமோ இருக்கும். துண்டை அப்படியே வெட்டி எடுத்தால் இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். அதே மெட்டை வேறு கலைஞரை வைத்து மறுபடி வாசித்துப் பதிந்தால், முதல் அனுமதி தேவையில்லை. இரண்டாவது மட்டும் போதும். செலவு குறையும் என்பதால் பலர் இந்த வழியில் போகிறார்கள்.

'மை நேம் இஸ்' பாட்டின் அடிநாதம் பிரிட்டிஷ் பாடகர் லேபி சிஃப்ரேயின் 1975ஆம் வருடப் பாட்டிலிருந்து எடுத்தது. சிஃப்ரே தன்பாலின ஈர்ப்பாளர். பெண்களையும் தன்பாலின ஈர்ப்பாளர்களையும் பழிக்கும் வரிகளை மாற்றினால்தான் அனுமதி என்று சொல்லிவிட்டார், வரிகள் மாறின. இசைத்துண்டுக்கு உரிமையாளர் 'இல்லை' என்று சொன்னால் பாட்டே வெளிவராது என்பதால், அந்தச் சொல்லுக்கு அவ்வளவு பலம்.

'ஸ்டான்' பல்லவி டைடோவின் 'தேங்க் யூ'. 'லைக் டாய் சோல்ஜர்ஸ்' பல்லவி மார்ட்டிகாவின் 1989 ஹிட். 'சிங் ஃபார் த மொமென்ட்' ஏரோஸ்மித் குழுவின் 1973ஆம் வருட 'ட்ரீம் ஆன்' மீது எழுப்பியது. அந்தக் குழுவின் ஜோ பெரியே புதிதாகக் கிடார் வாசித்துக் கொடுத்தார். மூலப் பாட்டுகளை ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள். 'தேங்க் யூ' நன்றி சொல்லும் மென்மையான காதல் பாட்டு. அதன் தொடக்க வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு தனியறைச் சோகமாக மாற்றியதில் இருக்கிறது தயாரிப்பாளர் 45 கிங்கின் திறமை.

தாயைத் திட்டிப் பாடியவர் என்கிறார்கள். அப்படிப்பட்ட பாட்டைக் கொண்டாடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

நீங்கள் சொல்வது 'கிளீனிங் அவுட் மை க்ளோசட்' (2002). முதல் தொகுப்பின் 14ஆம் தடம். தாய் மேல் உள்ள கோபத்தை ஈவிரக்கமில்லாமல் கொட்டியிருக்கிறார். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

அதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் தெரியும். 2013 ஆல்பத்தில் 'ஹெட்லைட்ஸ்' என்ற பாட்டு வந்தது. இரண்டாம் தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். அதில் அம்மாவிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்கிறார். பழைய பாட்டு வானொலியில் வந்தால் தனக்கே உடல் கூசுகிறது, மேடையில் அதைப் பாடுவதை நிறுத்திவிட்டேன் என்றும் அந்தப் பாட்டிலேயே சொல்கிறார். ஒரு பாட்டுக்கு இன்னொரு பாட்டு பதினோரு வருடம் கழித்துப் பதில் சொல்கிறது. இரண்டும் வெவ்வேறு தொகுப்பில் இருப்பதால் பலர் இந்தத் தொடர்பைத் தவறவிடுகிறார்கள். அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டு தொகுப்பையும் வாங்குவதற்கு இந்த ஜோடி ஒன்றே போதும்.

என் மகனுக்கு 13 வயது. நாள் முழுக்க இதே பாட்டு. தடுக்கவா, விடவா?
– வாசகி, தாம்பரம்

முழுவதும் தடுக்க வேண்டாம்; பிரித்துக் கொடுங்கள். அமெரிக்க வெளியீடுகளின் அட்டையில் கறுப்பு வெள்ளையில் 'பேரன்ட்டல் அட்வைசரி' முத்திரை இருந்தால் வசைச்சொல் நீக்காத பதிப்பு. இணையச் செயலிகளில் பாட்டின் பெயர் அருகே சிறிய ஆங்கில 'ஈ' (E) எழுத்து அதே எச்சரிக்கை. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் அமைப்புகளுக்குள் போய் அவ்வகைப் பாட்டுகளை மூடிவிட முடியும். அப்படி மூடினாலும் வசை நீக்கிய பதிப்பு தனியாக இருந்தால் அதைக் கேட்கலாம்.

ஆனால் வசை நீக்கிய பதிப்பில் சொல்தான் மௌனமாகும், பொருள் அப்படியே நிற்கும். 'கில்டி கான்ஷியன்ஸ்' பாட்டில் கடைக் கொள்ளை, 15 வயதுப் பெண்ணிடம் அத்துமீற நினைப்பவன், மனைவியின் துரோகத்தைக் கண்டவன் என்று மூன்று காட்சி. நல்ல மனசாட்சியாக டாக்டர் ட்ரே, கெட்டதாக எமினெம். வளர்ந்தவர்களுக்குக் கூர்மையான நாடகம், 13 வயதுக்கு ஆகாது. 'ஃபேக்', 'ஷேக் தட்' இரண்டையும் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

வசை நீக்கிய பதிப்பில் கொடுக்கலாம் என்பவை: 'லூஸ் யுவர்செல்ஃப்', 'மாக்கிங்பேர்ட்', 'லைக் டாய் சோல்ஜர்ஸ்', 'சிங் ஃபார் த மொமென்ட்'. 'மாக்கிங்பேர்ட்' கையில் காசில்லாத ஒரு கிறிஸ்துமஸைப் பற்றி மகளிடம் சொல்லும் பாட்டு. மகனோடு உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள். 'லைக் டாய் சோல்ஜர்ஸ்' ராப் பாடகர்களிடையே நடந்த சண்டைகளை நிறுத்தச் சொல்வது. அதன் வீடியோவில் எமினெமின் நண்பர் ப்ரூஃப் சுடப்பட்டுக் கிடப்பது போல ஒரு காட்சி. 2006 ஏப்ரல் 11 அன்று டெட்ராய்ட்டில் அவர் உண்மையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பிள்ளை வீடியோவைப் பார்க்குமுன் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஹிட்ஸ் தொகுப்பு என்றால் பழைய பாட்டுகள்தானே? புதிது ஏன்?
– வாசகர், சேலம்

எல்லா ஆல்பத்தையும் ஏற்கெனவே வைத்திருக்கும் ரசிகரும் வாங்க வேண்டும் என்பதற்காக. வானொலிக்கு அனுப்பவும் ஒரு புதுப்பாட்டு தேவை. முதல் தொகுப்பில் மூன்று. இரண்டாவதில் ஸ்னூப் டாக்குடன் 'ஃப்ரம் த டி டு த எல்பிசி', ஸீலோ கிரீனுடன் 'த கிங் அண்ட் ஐ', 50 சென்ட்டுடன் 2009 காலத்திலிருந்து வெளிவராமல் கிடந்த 'இஸ் திஸ் லவ்'.

இருபது வருடம் ஆன தொகுப்பு இன்னும் விற்பனைப் பட்டியலில் நிற்கிறதாமே, எப்படி?
– வாசகர், புதுச்சேரி

வெளிவந்த முதல் வாரத்தில் அமெரிக்காவில் 4,41,000 பிரதி விற்று முதலிடம் பிடித்தது. ஆனால் நீண்ட ஆயுளுக்குக் காரணம் அது இல்லை. கணக்கிடும் விதி மாறியதுதான். பழைய ஆல்பங்களை 'பில்போர்ட் 200' என்ற அமெரிக்க ஆல்பப் பட்டியலில் முன்பு சேர்க்க மாட்டார்கள், அவற்றுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. 2009 டிசம்பரில் அந்தத் தடை போனது. 2014 டிசம்பரில் இணையத்தில் கேட்பதையும் கணக்கில் எடுக்கத் தொடங்கினார்கள். 2018இல் வகுத்த கணக்கின்படி, சந்தா கட்டியவர்கள் 1,250 முறை கேட்டால் ஒரு ஆல்பம் விற்றதற்குச் சமமாக எண்ணினார்கள். விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்கள் என்றால் 3,750 முறை.

இந்த விதியில் ஹிட்ஸ் தொகுப்புக்குத்தான் லாபம். சாதாரண ஆல்பத்தில் மூன்று பாட்டைத்தான் மறுபடி மறுபடி கேட்பார்கள். இங்கே எல்லாத் தடமும் அப்படிப்பட்டவை. இந்தப் பட்டியலில் 520 வாரம், அதாவது பத்து வருடம் இருந்த முதல் ஹிப்ஹாப் ஆல்பம் இதுதான். 2022இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் 'டயமண்ட்' சான்றும் கிடைத்தது. ஒரு கோடி அலகு என்று பொருள்.

டூபாக்கின் ஹிட்ஸ் தொகுப்போடு ஒப்பிட்டால்?
– வாசகர், ஈரோடு

ராப் பாடகர் டூபாக் 1996இல் கொல்லப்பட்டார். 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' வந்தது 1998 நவம்பரில், இரண்டு தட்டில் 25 பாட்டு. அதில் புதிதாக வந்த 'சேஞ்சஸ்' 1992இல் பதிந்து வைத்திருந்தது. பிறர் இசை சேர்த்து முடித்தார்கள். எமினெம் தம் தொகுப்பை உயிரோடு இருந்து, தாமே புதுப்பாட்டு எழுதிச் சேர்த்தவர். டூபாக்கின் முழு வீச்சுக்கு அந்த 25 பாட்டு தேவை. அளவு கூடியது அங்கே பலம். எமினெமின் இரண்டாம் தொகுப்பில் முப்பதுக்கும் மேல் பாட்டு இருப்பது அப்படி இல்லை. பாதியாகக் குறைத்திருந்தால் முதல் தொகுப்பின் கட்டுக்கோப்பு வந்திருக்கும்.

பழைய கடையில் சி.டி.யும் எல்.பி.யும் பார்த்தேன். அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், சென்னை

சி.டி.யைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். ஆலையில் அச்சடித்தது வெள்ளி நிறம். பச்சை, நீலம், ஊதாச் சாயல் தெரிந்தால் வீட்டுக் கணினியில் எரித்த நகல். நடுத்துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற வளையத்தில் எண் வரிசையும், 'ஐ.எஃப்.பி.ஐ.' என்று தொடங்கும் நுண்ணிய குறியீடும் இருக்க வேண்டும். நகலெடுப்பவர்கள் அட்டையை நன்றாக அச்சடித்துவிடுவார்கள், வளையத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். கீறலைப் பொறுத்தவரை, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகப் போகும் கீறல் பெரும்பாலும் பாதகமில்லை. தட்டின் சுற்றோடு வளைந்து போகும் கீறல் பாட்டைத் தாவ வைக்கும். மேல்பக்க அச்சில் கீறல் ஆழமாக இருந்தால் வாங்கவே வேண்டாம். தகவல் அடுக்கு அந்தப் பக்கத்துக்கு மிக அருகே இருக்கிறது.

முதல் தொகுப்பின் எல்.பி. (வினைல் இசைத்தட்டு) என்றால் இரண்டு தட்டு, நான்கு பக்கம். 77 நிமிடத்தை நான்காக வகுத்தால் பக்கத்துக்குச் சுமார் 19 நிமிடம். அதுதான் சரியான அளவு. ஒற்றைத் தட்டில் எல்லாப் பாட்டும் இருப்பதாகச் சொன்னால் விட்டுவிடுங்கள். பக்கத்துக்கு 38 நிமிடம் அடைத்தால் பள்ளங்கள் நெருங்கி, சத்தம் தேய்ந்து, பேஸ் காணாமல் போகும்.

ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டையும் கடையிலேயே போட்டுக் கேளுங்கள். தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும்போது, வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடும், உட்புறத்தில் 21 செ.மீ.தான். அதே சத்தத்தைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுதியிருப்பதால் 'ஸ', 'ட்' ஒலிகள் சிதறும். ராப்பில் அந்த ஒலிகள்தான் அதிகம். வெளிப்புறப் பாட்டு தெளிவாக, உட்புறப் பாட்டு மட்டும் கரகரத்தால் முந்தைய உரிமையாளரின் தேய்ந்த ஊசி தட்டைக் கெடுத்திருக்கலாம், அல்லது கடையின் ஊசி கோணம் தப்பியிருக்கலாம். புதுத்தட்டு ஒன்றை அதே கருவியில் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

சி.டி.யைக் கணினியில் ஏற்றினேன். இரண்டு தொகுப்பையும் கலந்து ஓடவிட்டால் ஒரு பாட்டு காதைக் கிழிக்கிறது, இன்னொன்று முனகுகிறது. என்ன செய்ய?
– வாசகர், தஞ்சாவூர்

வெவ்வேறு வருடங்களில் வெவ்வேறு உரப்பில் முடித்த பாட்டுகள் என்பதால் அப்படி. ஒலிக் கோப்பைத் திறந்து நீங்களே உரப்பைக் கூட்டாதீர்கள். உச்ச ஒலிகள் அளவை மீறி வெட்டுப்பட்டுக் கரகரக்கும், பிறகு திரும்பக் கிடைக்காது.

முதலில் சி.டி.யை 'ஃப்ளாக்' வடிவில் ஏற்றுங்கள். சுருக்காமல் வைத்தால் 77 நிமிடத்துக்கு 800 எம்.பி.க்குச் சற்று மேல் பிடிக்கும். ஃப்ளாக் அதைத் தரம் குறையாமல் சுருக்கும். விநாடிக்கு 320 கிலோபிட் வேக எம்.பி.3 என்றால் 185 எம்.பி. அளவில் முடியும், கைப்பேசிக்கு அது போதும். அடுத்து, பாட்டு ஓட்டும் மென்பொருளில் 'ரீப்ளேகெயின்' வசதியைத் தேடி எல்லாத் தடங்களையும் அளக்கவிடுங்கள். அது பாட்டைத் தொடாது. எவ்வளவு கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்ற குறிப்பை மட்டும் கோப்பில் எழுதும். இரண்டு தொகுப்பைக் கலந்து கேட்கும்போது 'ட்ராக்' முறையையும், ஒரே தொகுப்பைத் தொடக்கம் முதல் கேட்கும்போது 'ஆல்பம்' முறையையும் தேர்ந்தெடுங்கள். இதை மாற்றிப் போட்டால் 'மாக்கிங்பேர்ட்' போன்ற மெல்லிய பாட்டும் 'வித்தவுட் மீ' அளவுக்கு உரக்க ஒலித்து, தொகுத்தவர்கள் வைத்த ஏற்ற இறக்கம் போய்விடும்.

செயலியில் கேட்பவர்களுக்கு வேலை சுலபம். அமைப்புகளில் 'ஆடியோ நார்மலைசேஷன்' என்பதைத் திறந்து வையுங்கள்.